ஆர்டர் கொடுத்த ஞாபகம்

ஞாபகத்தை ஆர்டர் கொடுத்துச் செய்துகொள்ளலாமா என்பது கேள்வி. கேள்வி பழசு, அதற்கு விலைப்பட்டியல் வந்திருப்பதுதான் புதிது. சின்னமனூர், கம்பம், தேனி எங்கும் போட்டோ ஸ்டூடியோக்களில் இது இப்போது சாதாரணச் சரக்கு. காது குத்து, சடங்கு, கல்யாணம், அறுபதாம் கல்யாணம், புதுமனை, முப்பதாம் நாள், வருஷத் திதி என்று எதற்கும் செய்து தருகிறார்கள். நாற்பது ஐம்பது போட்டோ, மொபைலில் எடுத்த சில துண்டு வீடியோ, ஒரு பாட்டு, இவ்வளவுதான் மூலப்பொருள். நிமிஷக் கணக்கில் கூலி. போட்டோக்களை வாட்ஸ்அப்பில் சும்மா அனுப்பினால் சுருங்கித் தெளிவு போய்விடும், டாகுமென்ட்டாக அனுப்புங்கள் என்று சொல்லிக்கொடுப்பார்கள். கூடவே ஒரு வரிசை எழுதிக் கொடுக்க வேண்டும்: யார் முகம் முதலில், யார் முகம் கடைசியில், பாட்டில் எந்த இடத்துக்கு எந்தப் படம். இரண்டு மூன்று நாளில் பென்டிரைவில் கைக்கு வரும். மண்டபத்துத் திரையில் ஓடும். பந்தி நேரமாகையால் பாதிப் பேர் பார்க்க மாட்டார்கள்.

நம் வட்டத்தில் இதைப் பார்த்து முகம் சுளிப்பது எளிது. முகத்தைச் சுற்றி ரோஜா இதழ் பறக்கும். தாத்தாவின் கண்ணாடியில் நட்சத்திரம் மின்னும். மேகத்துக்குள்ளிருந்து பாட்டி எட்டிப் பார்ப்பார். ஆனால் ருசிகெட்ட காரியமெல்லாம் ஒழுக்கம் கெட்ட காரியம் ஆகிவிடாது. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வது சிறுபத்திரிகை எழுத்தின் நாள்பட்ட வியாதிகளில் ஒன்று. ரோஜா இதழை நான் இங்கே விட்டுவிடுகிறேன். எனக்கு வேண்டியது வேறு. அறுபது வருஷத்தை மூன்று நிமிஷமாக வெட்டும்போது வெட்டுகிறவன் கையில் இருக்கும் அதிகாரம் எப்படிப்பட்டது, அதை அவனுக்குக் கொடுப்பது யார், வெட்டுப்படுகிறவர் அதில் எங்கே நிற்கிறார் என்பவை.

மான்டாஜ் என்ற சொல்லை நாம் ரஷ்யர்களோடு சேர்த்தே படித்தோம். குலஷோவ் ஒரு நடிகரின் உணர்ச்சியற்ற முகத்தை எடுத்துக்கொண்டார். அதை ஒரு முறை சூப்புத் தட்டோடும், ஒரு முறை சவப்பெட்டியோடும் ஒட்டிக் காட்டியபோது, ஒன்றில் பசியையும் மற்றதில் துக்கத்தையும் அந்த முகத்தில் ஜனங்கள் கண்டார்கள் என்பது எல்லோரும் அறிந்த கதை. ஐஸன்ஸ்டீனும் அறிந்த பெயர்தான். இவர்களோடு ஒப்பிட எஸ்ஃபிர் ஷூப் என்ற பெண்மணியை நாம் அதிகம் பேசவில்லை. 1927ல் அவர் 'ரோமனோவ் வம்சத்தின் வீழ்ச்சி' என்ற படத்தைச் செய்தார். செய்தார் என்றுதான் சொல்ல வேண்டும்; எடுத்தார் என்று சொல்ல முடியாது.  ஜார் குடும்பத்தார் தங்களுக்காக எடுத்து வைத்திருந்த சுருள்களையும் பழைய செய்திப்படங்களையும் தேடிப் பிடித்து, வெட்டி, ஒட்டினார். கப்பல் தளத்தில் பிரபுக்கள் நாட்டியமாடி வியர்வையைத் துடைத்துக்கொள்கிறார்கள். அடுத்த வெட்டில் கூலிகள் மண் வெட்டி வியர்க்கிறார்கள். நாட்டியத்தைப் படமெடுத்தவன் ஒரு இனிய மாலையைப் பத்திரப்படுத்துவதாக நினைத்திருப்பான். அவன் எடுத்ததில் ஒரு சட்டகத்தையும் மாற்றாமலே அதைக் குற்றப்பத்திரிகை ஆக்கிவிட்டார் ஷூப்.

தமிழில் இதற்கு எதிர்முனையில் நிற்பவர் ஏ.கே. செட்டியார். 1937ல் அட்லாண்டிக்கில் கப்பல் பயணம் செய்கையில் அவருக்குக் காந்தியைப் பற்றி ஒரு படம் செய்யும் எண்ணம் தோன்றியது. பிறகு உலகமெல்லாம் அலைந்து, முப்பது வருஷத்தில் நூறு பேர் போல எடுத்து வைத்திருந்த சுமார் 50,000 அடிப் படச்சுருளைத் திரட்டினார். 1940ல் வெளிவந்த படம் 12,000 அடி. மீதியை எதற்காக விட்டோம் என்று அவர் எங்காவது விரிவாக எழுதியிருந்தால் நம் மொழியில் படத்தொகுப்பின் ஒழுக்கத்தைப் பற்றிய முதல் நூல் அதுவாக இருந்திருக்கும். ஷூப் பகைமையோடு வெட்டினார், செட்டியார் பக்தியோடு வெட்டினார். இரண்டு பேரும் பொதுமனிதர்களை வெட்டினார்கள். பொதுவில் வாழ்ந்தவன் பொதுவில் வெட்டுப்படுவதற்கு ஒருவாறு சம்மதித்தவனாகிறான் என்று வாதிடலாம். வீட்டுக்குள் வாழ்ந்து செத்தவர்களுக்கு இந்த வாதம் பொருந்தாது.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. இவர்களின் படங்களைப் பார்த்தவர்களுக்கு அந்த மனிதர்களை நேரே தெரியாது. மண்டபத்தில் ஓடும் படத்தைப் பார்க்கிறவர்களுக்கோ எல்லாரையும் தெரியும். பெரியப்பா திரையில் சிரிக்கிறார். 1994ல் வரப்புத் தகராறில் அவர் எடுத்த அரிவாளும் பார்க்கிறவன் மனசில் இருக்கிறது. ஆக, ஆர்டர் கொடுத்துச் செய்யும் படத்துக்குத் தகவல் சொல்லும் வேலை கிடையாது. எது ஞாபகத்தில் இருக்கலாம், எது இருக்கக்கூடாது என்று குடும்பத்துக்குள் தீர்ப்புச் சொல்லுவதுதான் அதன் வேலை.

எடிட் செய்யும் பையன்களிடம் பேசிப் பாருங்கள். மேசைக்கு எதிரே உட்கார்ந்து வாடிக்கையாளர் கொடுக்கும் உத்தரவுகளில் பாதி 'இவரை எடுத்துடுங்க' என்பதாகத்தான் இருக்கும். ஜாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டு போன பெண், பாகப்பிரிவினையில் முறைத்துக்கொண்ட சித்தப்பா, ரத்தான முதல் சம்பந்தம். முன்பும் இதைச் செய்தார்கள். ஆல்பத்தில் முகத்தைப் பிளேடால் சுரண்டிய படங்களை நாம் எல்லோருமே ஏதாவது ஒரு வீட்டில் பார்த்திருக்கிறோம். அந்தச் சுரண்டலில் ஒரு யோக்கியம் இருந்தது. அங்கே யாரோ இருந்தார் என்பதற்கும், யாரோ கோபப்பட்டார் என்பதற்கும் அந்த வெள்ளை ஓட்டையே சாட்சி. இப்போது ஆளை எடுத்த இடத்தில் பின்னாலிருக்கும் சுவர் தானே வளர்ந்து மூடிக்கொள்கிறது. யெஷோவைச் சுட்டுக் கொன்ற பிறகு ஸ்டாலின் பக்கத்தில் கால்வாய்த் தண்ணீரை நிரப்பி வைத்தார்களே, அந்த வசதி ஆளுக்கொரு மொபைலில் வந்து இறங்கியிருக்கிறது. இல்லாமற்போனவளின் இல்லாமையும் இல்லாமற்போகிறது. அடுத்த தலைமுறைக் குழந்தை அந்தச் சுவரைச் சுவர் என்றே நம்பும். அப்படி ஒரு அத்தை உண்டா என்று கேட்கக்கூட அதற்கு ஒரு துப்பு மிஞ்சாது.

செத்தவர்களை ஆசீர்வாதம் செய்யவைக்கும் படங்கள் சில வருஷமாகப் பெருகிவிட்டன. பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஒன்று கிடைத்தால் போதும். செயற்கை நுண்ணறிவு அதற்கு உடம்பு கொடுத்து, மணமேடைக்கு நடக்கவைத்து, மகள் தலையில் கை வைக்கச் செய்கிறது. இது பொய் என்று சொல்லி ஒதுக்குகிறவர்கள் குலஷோவை மறந்துவிடுகிறார்கள். வெறும் போட்டோவை மணப்பெண் முகத்துக்குப் பக்கத்தில் ஒட்டினாலே அப்பா ஆசீர்வதித்துவிடுகிறார். அதற்கும் முன்னால், மாலை போட்ட படத்துக்குக் கீழே பத்திரிகையை வைத்துக் கும்பிட்டபோதும் ஆசீர்வதித்தார். கற்பனை இல்லாமல் எந்தக் காலத்திலும் செத்தவர்களோடு நமக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. எனவே பொய், மெய் என்ற பாகுபாடு இங்கே உதவாது என்று எனக்குப் படுகிறது.

உதவுகிற பாகுபாடு, வேலையைச் செய்வது யார் என்பது. அசையாத படத்தின் முன்னால் நிற்கிற மகள்தான் அப்பாவை அசைக்கிறாள். அவர் ஆசீர்வதித்திருப்பாரா, இந்தச் சம்பந்தத்துக்குச் சம்மதித்திருப்பாரா, இல்லை வாசலிலேயே நின்றிருப்பாரா என்பதையெல்லாம் அவள் அந்த நிமிஷத்தில் தனக்குள் தீர்க்க வேண்டியிருக்கிறது. தீராமலும் போகலாம். அசைகிற படம் அந்த வேலையை அவளிடமிருந்து வாங்கிக்கொள்கிறது. திரையில் கை தலைமேல் வந்துவிட்டது, விஷயம் முடிந்தது. துக்கம் என்பதே ஒருவகையில் பதில் வராத இடத்தில் கேள்வி கேட்டுக்கொண்டிருப்பதுதான் என்றால், பதிலை முன்கூட்டியே அச்சடித்துக் கொடுப்பது துக்கத்தின் வேலையை நிறுத்திவிடுகிறது. ரோலண் பார்த் 1980ல் வெளிவந்த தன் கடைசிப் புத்தகத்தில் அம்மாவின் சிறுவயதுப் படம் ஒன்றைப் பற்றிப் பேசிவிட்டு, அந்தப் படத்தை மட்டும் புத்தகத்தில் அச்சிடவில்லை. அந்தப் படம் தனக்கு மட்டுமே இருக்கிறது, மற்றவர்களுக்கு அது யாரோ ஒரு குழந்தை என்பது அவர் தந்த நியாயம். மண்டபத்துத் திரையின் தர்மம் இதற்கு நேர் எதிர்.

குச்சனூரில் இருந்துகொண்டு நிழல்களைப் பற்றி எழுதுகிறவன் சாயாதேவியைத் தாண்டிப் போக முடியாது. ஊருக்கு வருகிறவர்கள் சுரபி நதியில் குளித்து, எள் விளக்கு ஏற்றி, காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு சனீஸ்வரனை விட்டால் போதுமென்று திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறுகிறார்கள். ஆடிச் சனிக்கிழமைகளில் கூட்டம் சொல்லி முடியாது. சனீஸ்வரனின் பிறப்பை யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை. அவன் ஒரு நகலின் பிள்ளை. சூரியனின் உஷ்ணம் தாங்காத மனைவி சஞ்ஞை, தன் நிழலைத் தன்னைப்போலவே பெண்ணாக்கி வீட்டில் நிறுத்திவிட்டுத் தகப்பன் வீட்டுக்குப் போகிறாள். புருஷனுக்கு வித்தியாசம் தெரியவில்லை. நிழலுக்குக் குழந்தைகள் பிறக்கின்றன. அவர்களில் ஒருவன் சனி. பிற்பாடு நிழல் தன் பிள்ளைகளை ஒரு மாதிரியும் சஞ்ஞையின் பிள்ளைகளை ஒரு மாதிரியும் நடத்துகிறது. ஆத்திரத்தில் காலைத் தூக்கிய யமனைச் சபித்துவிடுகிறது. பெற்றவள் பிள்ளையைச் சபிக்க மாட்டாளே என்ற இடத்தில்தான் சூரியனுக்குச் சந்தேகம் வருகிறது.

புராணக்காரன் நம்மைவிடக் கெட்டிக்காரன். இந்தக் கதையில் ஆர்டர் கொடுத்தது அசல். தனக்கு ஒரு நகல் வேண்டும் என்று அசலே தீர்மானித்து, குழந்தைகளைப் பார்த்துக்கொள், ரகசியத்தைச் சொல்லாதே என்று உத்தரவும் கொடுத்துவிட்டுப் போகிறாள். அதைவிட விசேஷம், நிழல் ஒரு நிபந்தனை போடுகிறது: தலைமயிரைப் பிடித்து இழுக்கும்வரை, சாபம் என்று வரும்வரைதான் ரகசியம் காப்பேன் என்கிறது. நிழலுக்கும் ஒரு எல்லை இருக்கிறது. நம் ஸ்டூடியோவில் பிறக்கும் நிழல்களுக்கு அசலின் உத்தரவும் இல்லை, சொந்த நிபந்தனையும் இல்லை. எந்த வாக்கியத்தையும் பேசும். சாயாதேவி அகப்பட்டுக்கொண்டது கோபத்தால். இவை கோபமே படாததால் அகப்படுகின்றன. கல்யாணத்தை எதிர்த்த அப்பா, வாழ்நாளெல்லாம் மருமகளிடம் முகம் கொடுத்துப் பேசாத மாமியார், எல்லாரும் ஒரே இளிப்போடு வாழ்த்துகிறார்கள்.

பாரபட்சம் என்று சொன்னேன். 2018ல் மறைந்த கருணாநிதி 2024 ஜனவரியில் டி.ஆர். பாலுவின் சுயசரிதை வெளியீட்டு விழாத் திரையில் தோன்றினார். கறுப்புக் கண்ணாடி, மஞ்சள் துண்டு, அதே கரகரத்த குரல். நண்பரை வாழ்த்தினார். அப்போது முதலமைச்சராயிருந்த மகனின் தலைமையையும் பாராட்டினார். உயிரோடிருந்த கருணாநிதியும் இரண்டையும் செய்திருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவர் வாக்கியத்தை எங்காவது ஒடித்திருப்பார், ஒரு சிலேடை வைத்திருப்பார், பாராட்டுக்குள் ஒரு குத்தல் இருந்திருக்கும். யாரும் எதிர்பாராததைச் சொல்வதுதான் அவருடைய பேச்சின் ஜீவன். நிழலோ எழுதிக் கொடுத்தவர் எதிர்பார்த்ததை மட்டும் சொல்லும்.

இதே வருஷத்துச் சம்பவம் இன்னொன்று எங்கள் பள்ளத்தாக்கைத் தொட்டது. பண்ணைப்புரத்து இளையராஜாவின் மகள் பவதாரிணி 2024 ஜனவரி 25ல் காலமானார். உடலைத் தேனி மாவட்டத்துக்குக் கொண்டுவந்து லோயர் கேம்ப்பில் அடக்கம் செய்தார்கள். தம்பி யுவன் சங்கர் ராஜா அப்போது ஒரு பாட்டைச் செய்துகொண்டிருந்தார். உடம்பு தேறி வந்ததும் அக்காவைப் பாடவைக்கலாம் என்று அவர் நினைத்த சிறிது நேரத்தில் சாவுச் செய்தி வந்தது என்று அவரே சொன்னார். சில மாதம் கழித்து அந்தப் பாட்டு, செயற்கை நுண்ணறிவு உண்டாக்கிய பவதாரிணி குரலில் வெளிவந்தது. அதே வருஷம் ரஹ்மான், ஷாகுல் ஹமீது, பம்பா பாக்யா இருவர் குரலையும் இப்படிப் பயன்படுத்தினார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, சன்மானமும் கொடுத்ததாகத் தெரிவித்தார்.

ரஹ்மான் செய்தது முறையான காரியம். யுவன் செய்ததை முறை, முறையில்லை என்று பேச எனக்கு நா எழவில்லை. அக்காவின் குரலை இன்னொரு முறை கேட்க ஒரு தம்பிக்கு இருக்கும் ஆசையை நான் எந்தத் தத்துவத்தைக் கொண்டு அளப்பேன்? இருந்தாலும் ஒன்று உறுத்துகிறது. பாடகி என்பவள் ஒரு பாட்டை வேண்டாம் என்று சொல்லக்கூடியவள். இந்த மெட்டு எனக்குச் சரிப்படாது, இந்த வரி பிடிக்கவில்லை, இன்றைக்குத் தொண்டை சரியில்லை என்று சொல்லும் சாத்தியத்திலிருந்துதான் அவள் பாடுவதாகச் சம்மதிப்பதற்கு அர்த்தம் வருகிறது. மறுக்க முடியாத குரல் பாடும்போது அதைப் பாடுதல் என்று சொல்லலாமா என்பதை வாசகர்கள் தீர்மானித்துக்கொள்ளட்டும்.

குடும்பத்தாரின் அனுமதி என்கிறோம். குடும்பத்துக்கு அந்த உரிமை எங்கிருந்து வந்தது? நான் பிழைப்புக்குப் பார்க்கும் வேலை வங்கிக் குமாஸ்தா வேலை. இறந்தவரின் கணக்கில் எட்டாயிரம் ரூபாய் இருந்தால் அதை எடுக்க இறப்புச் சான்று, நாமினியின் அடையாளச் சான்று, விண்ணப்பம் எல்லாம் வேண்டும். நாமினி என்பவர்கூடப் பணத்துக்குச் சொந்தக்காரர் இல்லை. வாரிசுகளுக்காகக் கைநீட்டி வாங்கிக்கொள்கிறவர் மட்டுமே. கவுண்டரில் இதைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். ஒவ்வொரு நவம்பரிலும் பென்ஷன்காரர்கள் தாங்கள் உயிரோடிருப்பதாகச் சான்று கொடுக்க வேண்டும். போட்டோவைக் காட்டி அந்தக் காரியத்தை முடிக்க முடியாது. எட்டாயிரம் ரூபாய்க்கு இத்தனை காவல். அதே மனிதரின் முகத்தையும் குரலையும் எடுத்துப் பேசவைக்க ஒரு போட்டோவும் கொஞ்சம் கூலியும் போதும்.

சட்டம் இந்த இடத்தில் கிட்டத்தட்ட வெறும் மைதானம். ஜெயலலிதாவின் வாழ்க்கையைப் படமாக்குவதை அவருடைய அண்ணன் மகள் எதிர்த்த வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் 2021ல் சொன்னது இதுதான்: ஒருவர் வாழ்நாளில் ஈட்டிய அந்தரங்கமும் நற்பெயரும் அவரோடு முடிந்துபோகின்றன, வீடு நிலம் போல வாரிசுக்கு இறங்குவதில்லை. வெளியாருக்கு எதிராக வாரிசு வந்து நிற்பதை மறுத்த தீர்ப்பு இது. இதன் மறுபக்கத்தை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. செத்தவரின் முகம் வாரிசுக்கு இறங்காது என்றால், அதை ஆட்டிவைக்க வாரிசு கொடுக்கும் அனுமதிக்கு மட்டும் என்ன ஆதாரம்? 2023ல் வந்த தனிநபர் தரவுச் சட்டம் செத்த பிறகு தன் தரவு உரிமைகளைச் செலுத்த ஒரு நாமினியை நியமித்துக்கொள்ள இடம் வைத்திருக்கிறது. முகத்துக்கு நாமினி என்று அதை அப்படியே வாசித்துவிட முடியாது. என்றாலும் அந்தத் திசையில் ஒரு படிவமாவது வந்திருப்பதில் குமாஸ்தாவாகிய எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

நினைவுச் சின்னம் என்றால் உருவம் வேண்டும் என்ற எண்ணமே அவ்வளவு பழையதல்ல. இதே மாவட்டத்தில், ஆண்டிபட்டி வட்டாரத்துப் புலிமான்கோம்பையில், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 2006ல் மூன்று நடுகற்களைக் கண்டுபிடித்தார்கள். தமிழ்ப் பிராமி எழுத்துள்ளவை, கிறிஸ்துவுக்கு முந்தியவை. அவற்றில் ஒன்று, கூடல் ஊர் ஆநிரை கவர்ந்த பூசலில் இறந்த ஒருவனுடையது. பிற்காலத்து வீரக்கற்களில் பார்க்கிற வில், அம்பு, குதிரை, சொர்க்கத்துக்குத் தூக்கிச் செல்லும் பெண்கள் எதுவும் இவற்றில் இல்லை. முகம் இல்லை. ஊர், பேர், செத்த காரியம். அதோடு கல் முடிந்துவிடுகிறது. தொல்காப்பியம் நடுகல்லுக்குச் சொல்லும் ஆறு துறைகளில் கல்லைத் தேடிக் காண்பதும், நீரில் இடுவதும், நடுவதும், படைப்பதும், வாழ்த்துவதும் உண்டு; இறந்தவனைப்போலவே செய்ய வேண்டும் என்பது இல்லை. அவன் எப்படியிருந்தான் என்பதை அவனைத் தெரிந்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கை அந்தக் கல்லுக்கு இருந்திருக்கிறது. தெரிந்தவர்கள் செத்தபின் முகமும் போய்விடும் என்பதும் அதற்குத் தெரியும். ஒரு முகம் எத்தனை காலம் இருக்க வேண்டுமோ அத்தனை காலம் இருந்தால் போதும் என்ற இந்தத் துணிச்சல் நமக்கு இன்று இல்லை. பஸான் 1945ல் புகைப்படத்தைப் பிரேதத்துக்குத் தைலமிடும் ஆசையோடு சேர்த்துப் பேசியது நினைவுக்கு வருகிறது. அவர் எகிப்துக்குப் போனார். எனக்கு ஆண்டிபட்டிக் கணவாய்க்கு இப்பால் வரவேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று.

இதுவரை நான் சொன்னதெல்லாம் ஏராளமாகப் படம் இருக்கிறவர்களைப் பற்றி. படமே இல்லாதவர்கள் ஆர்டர் கொடுக்க வரும்போது கேள்வி வேறாகிறது. எனக்குத் தெரிந்த ஒரு பெண்மணி, அம்மாவின் வருஷத் திதிக்கு மூன்று நிமிஷப் படம் வேண்டுமென்று ஒரு ஸ்டூடியோவில் சொல்லியிருந்தார். படங்களுக்குப் பேர் எழுத ஆள் வேண்டுமென்று என்னையும் அழைத்துக்கொண்டு போனார். அம்மா முப்பது வருஷம் ஏலத்தோட்டத்துக்குப் போனவர். விடிகாலை இருட்டில் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, கம்பம் மெட்டு வழியாக மலைக்கு மேலே போய், பொழுது சாய்ந்து இறங்குகிற வேலை. இந்தப் பள்ளத்தாக்கில் பாதி வீடுகளுக்கு அந்த ஜீப் சத்தம்தான் அலாரம். தேறிய படங்கள் பதினொன்று. வாக்காளர் அட்டையிலிருந்து ஒன்று, ரேஷன் கார்டுக் குடும்பப் படம், மகள் கல்யாணத்தில் வரிசையில் நின்றவை, பேரனை மடியில் வைத்து மொபைலில் எடுத்தவை. எல்லாவற்றிலும் வாய் மூடியிருந்தது. வெற்றிலைக் கறை ஏறிய பல் என்பதால் அவர் கேமராவைக் கண்டால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாராம்.

பையன் நல்ல பையன். பதினொன்றை வைத்துக்கொண்டு மூன்று நிமிஷம் ஓட்ட முடியாது என்று அவனே யோசித்து, இடையில் சுருளி அருவி, நெல் வயல், விளக்குச் சுடர், பறவைக்கூட்டம் என்று வாங்கிவைத்த காட்சிகளைச் சொருகியிருந்தான். கடைசியில் வாக்காளர் அட்டைப் படத்தைச் சிரிக்கவும் வைத்திருந்தான். வரிசை வரிசையாக வெள்ளைப் பல்.

அந்தம்மாள் முதலில் அழுதார். பிறகு, "தம்பி, இது யாரு?" என்றார்.

"அம்மாதானக்கா."

"எங்கம்மா இப்படிச் சிரிச்சு நான் ஒரு நாளும் பாத்ததில்லப்பா. சிரிச்சா கண்ணுல தண்ணி வந்துரும் அதுக்கு. பல்லு தெரியாது."

சிரிப்பை எடுத்துவிடச் சொன்னார். அருவியையும் எடுக்கச் சொன்னார். அம்மா சுருளிக்கு ஒரு தரம்கூடப் போனதில்லை, பக்கத்தில் இருந்தும் லீவு கிடைத்ததில்லை என்றார். எடுத்த பிறகு ஒரு நிமிஷத்துக்கு மேல் வெற்றிடம். அங்கே என்ன போடுவது என்று பையன் கேட்டான். போட ஒன்றும் கிடையாது. அந்த முப்பது வருஷத்தில் அந்த மலைக்கு மேலே அவரை ஒருவரும் படமெடுக்கவில்லை. தோட்டத்தாரிடம் கேமரா இருந்திருக்கும். அது வேறு காரியங்களுக்கு. எனவே அந்த நிமிஷம் இருட்டாக இருப்பதுதான் சரியான ஆவணம் என்று நான் சொன்னேன். என் வாயிலிருந்து வந்தபோதே அது நம் பத்திரிகையில் எழுதுகிற வாக்கியமாக எனக்குப் பட்டது. பையன் அதைவிடத் தெளிவாகப் பேசினான்.

"கறுப்பா விட்டா பென்டிரைவ் போச்சுன்னு நெனைப்பாங்கண்ணே. ஆளுக எந்திரிச்சுப் போயிருவாங்க."

அவன் சொன்னதில் தவறில்லை. இருட்டைப் பார்க்க ஜனங்களுக்குப் பழக்கமில்லை; பழக்க நாமும் ஒன்றும் செய்ததில்லை. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அந்தம்மாள்தான், "எழுத்துப் போடலாமில்ல?" என்றார். பையன் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் அடித்தான். அம்மாவின் பேர், ஊர், எந்த மலை, எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை. எழுத்து தானே மேலே ஏறி மறைகிற மாதிரி வைக்கட்டுமா என்றான். வேண்டாம், அங்கேயே நிற்கட்டும் என்றார். எத்தனை நேரம் என்றான். அவர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, நாலு மணி ஜீப்புக்கு அம்மா மூணு மணிக்கு எந்திரிக்கும் என்றார். அதை வைத்து வினாடிகளைக் கணக்கிடும் வழி பையனுக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. கடைசியில் நாற்பது வினாடி என்று முடிவாயிற்று. மொத்தம் இரண்டே கால் நிமிஷம்.

"பாட்டு சரணத்துல பாதியில நிக்குதேக்கா."

"நிக்கட்டும். காசு மூணு நிமிஷத்துக்கே வாங்கிக்க."

பையன் வாங்கிக்கொண்டான்.